உப்பையும் நடையையும் சீட்டில் எழுதித் தரும் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி

பிரஷர், சுகர் மாத்திரைக்காக மாதாமாதம் எங்காவது வரிசையில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவல்லிக்கேணிப் பக்கம் எங்கள் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிய விமர்சனம் இது. குறைகளும் சொல்லப் போகிறேன் என்பதால் எந்தத் தெரு என்று எழுதவில்லை. எங்களுக்கு அது கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். இலவச மருந்து, டாக்டர், லேப் எல்லாம் சென்னையில் மற்ற வட்டாரங்களிலும் கிடைக்கிறது. இங்கே எனக்குப் பிடித்தது வேறு. என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு நடக்கிறோம், புகையிலை உண்டா என்கிற பேச்சை மாத்திரைக்குச் சமமான வைத்தியமாக நடத்துகிறார்கள். சீட்டில் எழுதித் தருகிறார்கள். அடுத்த முறை போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

நான் மெஸ் நடத்துபவள். மேன்ஷனில் தங்கி வேலை தேடும் பையன்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள், இவர்களுக்கு மதியமும் இரவும் சாப்பாடு. எனக்குப் பிரஷர் இருக்கிறது, சுகர் விளிம்பில் நிற்கிறது. முன்பு ஒரு தனியார் கிளினிக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மாத்திரை சரியாகத்தான் கொடுத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது, “உப்பைக் குறைங்க, வாக்கிங் போங்க, டென்ஷன் ஆகாதீங்க” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். கூடவே ஓர் அச்சடித்த தாள். காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு ஆப்பிள், ராத்திரி சுக்கா ரொட்டியும் சாலட்டும். விடிகாலையில் சாம்பாருக்குப் பருப்பு வேகப் போட்டு, ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கவிழ்க்கிற எனக்கு அதில் ஒரு வரிகூட ஒட்டவில்லை. அடுத்த முறை போனபோது அந்தத் தாளைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. கேட்கப்படாத அறிவுரையை மனிதர்கள் எப்படிக் கடைப்பிடிப்பார்கள்?

கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியதும் நேராகப் பிரஷர் பார்க்கப் போக முடியாது. சுவரோரம் முதுகு சாய்கிற நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அங்கே ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். அரை மணிக்குள் காபி, டீ குடித்தீர்களா, பாத்ரூம் போக வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் சிஸ்டர் கையில் பட்டையைச் சுற்றுகிறார். பார்க்கும்போது பேசக் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். படியேறி மூச்சு வாங்க நிற்கிறவருக்கு அப்படியே பார்த்தால் இல்லாத பிரஷரும் காட்டும், தேவையில்லாத மாத்திரையும் ஏறும். இந்த ஐந்து நிமிஷத்துக்காகவே நான் இந்த இடத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். அப்புறம் எடை, அதோடு தையற்காரர் டேப்பால் இடுப்பைச் சுற்றி ஓர் அளவு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் குறித்துக்கொள்கிறார்கள். எடை சரியாகவே இருந்தாலும் வயிற்றில் சேரும் கொழுப்பு நம் ஆட்களுக்குச் சீக்கிரமே சுகரைக் கொண்டுவந்துவிடுகிறது என்று சிஸ்டர் விளக்கினார்.

இனி அந்தச் சீட்டு. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நீல மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறார்கள். அதில் நாலே வரி: புகையிலை, மது, சாப்பாடு, நடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு. காய்ச்சல் என்று வந்த காலேஜ் பையனுக்கும் குத்துகிறார்கள், முழங்கால் வலிக்கு வந்த பாட்டிக்கும் குத்துகிறார்கள். இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. நோய் வந்தவரிடம் மட்டும் கேட்டால் அது குற்றம் சாட்டுவது மாதிரி இருக்கும். எல்லாரிடமும் கேட்டால் பெயர், வயசு கேட்பது மாதிரி சாதாரணமாகப் போய்விடுகிறது. அந்தக் காய்ச்சல் பையன் சிகரெட் பிடிக்கிறான் என்பது வேறு எந்த நாளில் ஒரு டாக்டருக்குத் தெரியப் போகிறது?

டாக்டரம்மா அந்த நாலு வரியையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கையில் எடுக்கிறார். “இந்த மாசம் இதுல எதை மாத்த முடியும்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்கிறார். நாம் சொல்வதைத்தான் கோட்டில் எழுதுகிறார். என் சீட்டில் முதலில் விழுந்தது உப்பு.

உப்பு விஷயத்தை இங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்கும் மெஸ்ஸுக்கும் ஒரே அடுப்பு என்பதால் என் கணக்கு சிக்கலானது. எனக்கு முன்னால் ஒரு மீன்கார அம்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம் சிஸ்டர் “உப்பு அதிகமா சாப்பிடுவீங்களா?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வோம். “ஒரு கிலோ உப்பு பாக்கெட் வாங்கினா உங்க வீட்டுக்கு எத்தனை நாள் வரும்மா?” என்று கேட்டார்.

“நாலு பேரு. மாசத்துக்கு ஒரு பாக்கெட் சரியா இருக்கும்.”

சிஸ்டர் சீட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு டீஸ்பூன், தலை தட்டி. நாலு பேருக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். இவர்கள் வீட்டில் 30 நாளில் தீர்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் இதெல்லாம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அந்த அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கணக்கையே பார்த்தார். “கருவாட்டை விடச் சொல்லிடாதம்மா” என்றார். சிஸ்டர் விடச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு தரம் நல்லா அலசுங்கள், அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள், அன்றைக்கு ஊறுகாய் வேண்டாம் என்றார். சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: “பாக்கெட் 40 நாள்.” 50 என்றுகூட எழுதவில்லை. முதலில் 40, அப்புறம் பார்க்கலாம் என்றார். சமைக்கிற கைக்குப் புரிகிற மொழி இது. மில்லிகிராம் சோடியம் என்று சொல்லியிருந்தால் எங்கள் இருவருக்குமே புரிந்திருக்காது.

என் முறை வந்தபோது மெஸ்ஸுக்குத் தோதான யோசனை கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் இருந்த உப்பு டப்பாவை எடுத்துவிடுவது, ஊறுகாயும் அப்பளமும் கேட்டால் மட்டும் வைப்பது, ரசத்திலும் சாம்பாரிலும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைப்பது. ஒரே நாளில் குறைத்தால் பையன்கள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். மெதுவாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். புளி, மிளகு, சீரகம் தூக்கலாக இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் அப்படியே செய்தேன். ரசம் நல்லாயிருக்குக்கா என்று இரண்டாம் முறை வாங்குகிறார்களே தவிர உப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சமையல் என் தொழில், அதனால் இது எனக்கு மாத்திரையைவிடப் பெரிய சந்தோஷம். இத்தனை இளம் பையன்கள் தெரியாமலேயே நல்ல பழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இந்துப்புக்கு மாறலாமா என்று கேட்டேன். அதிலும் பெரும்பங்கு அதே சோடியம்தான், விலைதான் அதிகம் என்றார் டாக்டர். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பைப் பற்றியும் கேட்டேன். அதில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்தாகலாம், பலதரப்பட்டவர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். இப்படி ஒரு பதிலை எந்த அச்சடித்த தாளும் தராது.

நடைக்கும் அதே வழிதான். “தினமும் எந்த நேரம் உங்களுக்குச் சும்மா கிடைக்கும்?” என்றுதான் முதல் கேள்வி. மதியச் சாப்பாடு முடிந்து ராத்திரிக்குக் காய் நறுக்க உட்காரும் வரை, நாலு மணி வாக்கில் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. அதை வைத்து, பாரதி சாலை வழியாகக் கடற்கரை வரை போய்த் திரும்புவது என்று எழுதினார். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது பெரியவர்களுக்கான குறைந்தபட்ச அளவு, அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிஷமாகவும் சேர்க்கலாம் என்றார். அடுப்படியில் நிற்பது இதில் சேராது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் நடந்தால்தான் கணக்கு.

ஆனால் பாரதி சாலை நடைபாதையைப் பற்றி எந்த டாக்டரும் சீட்டு எழுத முடியாது. பழைய புத்தகக் கடை, வண்டிகள், பைக் நிறுத்தம், நடுவே இறங்கி ஏறி நடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை ஏற்பாடு செய்தது. சென்னைக்கு அது பெசன்ட் நகர்ப் பக்கம் அமைந்தது. நல்ல திட்டம்தான். எங்கள் தெருப் பெண்களுக்கோ பஸ் பிடித்துப் போய் நடக்க நேரம் கிடையாது. வீட்டு வாசலில் இருந்து கடற்கரை வரை ஒழுங்கான நடைபாதை இருந்தால் அதுவே எங்களுக்குப் பாதி மருந்து. இதை சுகாதாரத் துறைக்குச் சொல்வதா, சாலைத் துறைக்குச் சொல்வதா?

இதெல்லாம் வெறும் உபசாரப் பேச்சு, கடைசியில் மாத்திரைதானே வேலை செய்யும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் மகள் கல்லூரியில் ஊட்டச்சத்துப் படிப்பு படிக்கிறாள். அவள் பாடத்தில் வந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். நம் சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006இல் வெளிவந்தது. என்னைப் போல சுகர் விளிம்பில் நின்ற 531 பேரை நாலு பிரிவாக்கி மூன்று ஆண்டு பார்த்திருக்கிறார்கள். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாடு, நடை இரண்டையும் விடாமல் கவனித்துப் பேசி மாற்றிய பிரிவில் சுமார் 39 பேருக்கு. சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் கொடுத்த பிரிவில் சுமார் 40. இரண்டும் சேர்த்த பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பேச்சும் நடையும் மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கின்றன, அதுவும் நம் ஊர் மனிதர்களிடம், நம் ஊர் சோறு சாப்பிடுகிறவர்களிடம். அதே குழு 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக நினைவூட்டிக்கொண்டே இருந்த ஆண்களில் இரண்டு ஆண்டில் நூற்றுக்கு 18 பேருக்கும், நினைவூட்டாத பிரிவில் 27 பேருக்கும் சுகர் வந்திருக்கிறது. யாரோ ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதன் பலன் இது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. இவ்வளவு பேரை எந்தப் பெரிய ஆஸ்பத்திரி தாங்கும்? தெருமுனை ஆஸ்பத்திரியில்தான் இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும்.

புகையிலை விஷயத்தில் எனக்குப் பாதி திருப்திதான். என் மெஸ்ஸில் உதவிக்கு இருக்கும் மாஸ்டர் உதட்டுக்குள் புகையிலை அடக்குகிறவர். பல் வலி என்று அவரை அழைத்துப் போனபோது சிஸ்டர் திட்டவில்லை. விட நினைக்கிறீர்களா, எந்தத் தேதியில் இருந்து என்று கேட்டு அந்தத் தேதியைச் சீட்டில் எழுதினார். 1800-11-2356 என்ற இலவசப் புகையிலை நிறுத்த உதவி எண்ணையும் கொடுத்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினார். மாஸ்டர் நிறுத்தினார், மறுபடி தொட்டார், இப்போது மறுபடி நிறுத்தியிருக்கிறார். இதற்கு மாதம் ஒரு கேள்வி போதாது. முதல் இரண்டு வாரம் யாராவது போன் பண்ணியிருக்க வேண்டும்.

குறைகளில் முதலாவது மறைவு இல்லாதது. மீன்கார அம்மாவின் உப்புக் கணக்கு என் காதில் விழுந்ததால் எனக்கு லாபம். அதே இடத்தில், அதே வரிசைக்கு முன்னால், ஓர் ஆணிடம் “குடிப்பீங்களா?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? பின்னால் நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். எல்லாச் சீட்டிலும் மது வரிக்கு எதிரே “இல்லை” என்றுதான் விழுகிறது, நானே பார்த்தேன். ஒரு திரைச்சீலை போட்டால்கூடப் போதும்.

இரண்டாவது ஆள் பற்றாக்குறை. இந்த வேலையை மனசோடு செய்த சிஸ்டர் மாற்றலாகிப் போனபோது, சில காலம் ஸ்டாம்ப் மட்டும் குத்தப்பட்டு நாலு கோடும் வெறுமையாகவே வந்தன. புதிதாக வந்தவர் மேல் தப்பில்லை. பிரஷர் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, அதையே மறுபடி கம்ப்யூட்டரிலும் ஏற்றி, நடுவே தடுப்பூசிக்கு வந்த குழந்தைகளையும் கவனித்தால் கேள்வி கேட்க நேரம் எங்கே? டாக்டரம்மா விடாமல் பிடித்ததால்தான் மறுபடி ஒழுங்குக்கு வந்தது. ஒருவருடைய நல்ல மனசை நம்பி இது நடக்கக் கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் இந்தப் பேச்சுக்கென்றே ஒருவரைப் போட வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்கே மருந்து வருவதில் இருக்கும் சங்கடம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் மாமியாருக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. 2024இல் ஐ.நா. விருது வாங்கிய திட்டம், அதற்கு முழுத் தகுதியும் உண்டு. படியிறங்க முடியாத அவருக்கு அது பெரிய உதவி. கொண்டுவரும் தன்னார்வலர் பெண் பிரஷரும் பார்க்கிறார். ஆனால் அவர் கையில் அந்த நாலு வரிச் சீட்டு இல்லை. மாமியார் ஊறுகாயைக் குறைத்தாரா என்று கேட்க ஆள் இல்லாமல் போனது. அந்த ஸ்டாம்பைத் தன்னார்வலர்களிடமும் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நான் அடுத்த முறையும் கேட்பேன்.

எண்ணெய்க் கணக்கும் உண்டு, ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்பதையும் சுவரில் படமாக ஒட்டியிருக்கிறார்கள். காய் விற்கிற விலையில் பாதித் தட்டு எல்லா வீட்டுக்கும் முடியாது. கீரை, பூசணி, சுரைக்காய், வாழைத்தண்டு என்று மலிவானதைச் சொல்லும் சிஸ்டர்தான் இங்கே படத்தைவிட உதவி.

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை கூட்டம் நெரியும், வார நடுவில் போனால் டாக்டர் உட்கார்ந்து பேசுவார். பழைய சீட்டுகளை ஒரு பையில் சேர்த்து வைத்திருங்கள், பின்பக்கம் எழுதியதைப் பார்த்துத்தான் பேச்சே தொடங்குகிறது. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். மேன்ஷனில் இருக்கும் தம்பிகளும் போகலாம். 30 வயசு தாண்டியவர்களுக்குத்தானே பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், கேட்டால் பிரஷரும் சுகரும் பார்த்துவிடுகிறார்கள். வீட்டில் சமைப்பவர் வேறு, மாத்திரை சாப்பிடுபவர் வேறு என்றால் இருவருமே சேர்ந்து போங்கள். உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்பது சமைப்பவருக்குத்தான் தெரியும்.